லேடி மார்ஜோரம் பர்மிங்காமில் கரைகட்டிய படலம்

வாழ்க டாம்வொர்த் தந்த தனிப்பெருந் தலைவன்! வாழ்க சுக்கான் தண்டேந்திய செங்கையன், மழைக்கோட்டே மார்புக் கவசமாய்த் தரித்த மலைத்தோளன்! தலைமயிர் நரைக்கும் மட்டும் மோட்டார் ஓட்டுநர் தேர்வதிகாரியாய் முன்னிருக்கையில் வீற்றிருந்து, ஒற்றைச் சொல்லால் மணமகன்களையும் மருத்துவர்களையும் ஒரு பாதிரியாரையும் பேருந்து நிறுத்தத்துக்கே திருப்பியனுப்பிய அறங்காவலன், மால்கம் டிரான்ட்டர் என்னும் மாவீரனின் புகழ் பாடப் புகுந்தோம். மிட்லண்ட்ஸ் கால்வாய்களைக் காக்கும் தெய்வமே, நீ எந்த மதகின் அடிச்சேற்றில் உறங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து வா! டீசல் மணக்கும் நாவொன்றை எமக்குத் தா!

போர் மூண்ட காரணம் கேளுங்கள். மால்கமின் ஒரே மகள் பெதனிக்குச் சனிக்கிழமை காலை பர்மிங்காம் நகர நடுவில் திருமணம். உற்றார் எல்லாரும் ரயிலேறிப் போகத் திட்டமிட்டிருக்க, ஓய்வூதியப் பணமனைத்தையும் கொட்டி வாங்கிய தன் நெடும்படகு ‘லேடி மார்ஜோரம்’ மீதேறியே நகர் புகுவேன் என்று நம் தலைவன் சூளுரைத்தான். அகலத்தில் ஓர் ஆள் கைவிரித்தால் இருபுறமும் தொடுமளவும், நீளத்தில் ஒரு தெருவின் பாதியளவும் கொண்ட அந்த இரும்புத் திமிங்கிலத்தின் மேல்தளத்தில் நின்று, இல்லத்தரசி கிளெண்டாவை நோக்கி அவன் முழங்கிய மொழி இது:

“நாளைக்குக் காலையில நீ படகுல இருந்து இறங்கினா, ரெண்டு தெரு தள்ளிக் கல்யாண மண்டபம். டாக்ஸி வேணாம், ரயில் வேணாம். ஊருக்கு நட்டநடுவுல கட்டுறேன், பாரு!”

அதற்குக் கிளெண்டா, கழிவுத்தொட்டியைச் சுமந்து சென்று காலிசெய்யும் திருப்பணியை ஒரு குளிர்காலம் முழுவதும் தனியொருத்தியாய் நிறைவேற்றிய பெருந்தேவி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே மறுமொழி பகர்ந்தாள்.

“இருட்டுறதுக்குள்ள இடம் கிடைக்கலைன்னா நான் ஹோட்டலுக்குப் போயிருவேன். அப்படி ஆனா, கல்யாணம் முடிஞ்சதும் படகை வித்துரணும். சம்மதமா?”

“சம்மதம்.”

ஒரு சொல்தான். ஆனால் தேர்வுக் காரில் எத்தனையோ பேர் வாழ்வை ஒரு சொல்லில் தீர்த்த வாய் அது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற அதற்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், பகலவன் மேற்கே சாயத் தொடங்கிய பொழுதில், பார்மர்ஸ் பிரிட்ஜ் மதகுகளின் அடிவாரத்தை எய்திற்று படகு. ஒன்றன்மேல் ஒன்றாய் அலுவலகக் கட்டடங்களின் காலடியில் ஏறிச்செல்லும் அந்த நீர்ப்படிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்செறிந்த கிளெண்டா, மதகு திருகும் இரும்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் குதித்தாள். கதவு தள்ளினாள், பல்சக்கரம் சுழற்றினாள், படகு நின்ற அறை நீரால் நிரம்பி அது மேலெழக் காத்திருந்தாள், அடுத்த மதகுக்கு ஓடினாள். தலைவனோ சுக்கானைப் பற்றியபடி, “இடப்பக்கம் கொஞ்சம்! மெதுவா! மெதுவா!” என்று ஆணைகளை மழையெனப் பொழிந்து, அந்தக் களப்போரில் தன் பங்கைச் செவ்வனே ஆற்றினான். கடைசி மதகுக்கு மேலே வந்தபோது கிளெண்டாவின் முகம் பீட்ரூட் கிழங்கின் நிறம் கொண்டிருந்தது. அந்நிறத்தின் பொருளை அறிந்தவன் அதற்காகவே எஞ்சினைச் சற்று முடுக்கினான்.

அந்தோ, நகரம்! கண்ணெட்டிய தொலைவுவரை இரு கரையிலும் படகுகள். பச்சைப் படகு, கருநீலப் படகு, ரோசாப்பூ தீட்டிய படகு, கூரைமேல் விறகும் மிதிவண்டியும் தக்காளிச் செடியும் ஏந்திய படகு. மூக்கும் வாலும் முட்ட முட்ட, கோட்டை மதிலில் கல்லடுக்கியதுபோல் இடைவெளியின்றி நின்றன. கட்டுவதற்கு ஒரு வளையம் காணோம். கரைப்பாதையில் ஓடும் இளைஞரும் மதுக்கடை முற்றங்களில் கோப்பை ஏந்தி நிற்போரும், ஆமையினும் மெல்ல ஊரும் லேடி மார்ஜோரத்தைக் கண்டு கையசைத்தனர். தலைவன் கையசைக்கவில்லை. வேட்டைக்குப் போகும் வேங்கை கையசைப்பதில்லை.

கால்வாய் நடுவிலிருந்த வட்டத் தீவைச் சுற்றித் திரும்பியதும் ஓரிடம் கண்டான்! இரு படகுகளுக்கிடையே, தன் கலம் சரியாய்ப் பொருந்துமளவு, மாலை வெயில் தங்கத் தகடு விரித்த வெற்று நீர். “கிளெண்டா! கயிறு!” என்று அவன் கர்ச்சித்த அக்கணமே, எதிர்த்திசையிலிருந்து இரைச்சலுடன் பாய்ந்துவந்தது ஒரு வாடகைப் படகு. வேறொரு திருமணத்தின் மணமகனுக்கு விருந்து வைக்கக் கிளம்பிய தோழர் கூட்டம்; மணமகன் என்று ஊகிக்கத்தக்கவன் தலையில் பெண்ணின் முக்காட்டுத் துணி; கொம்பூதி ஒருவன், மத்தளமாய்க் கூரையைத் தட்டுவோன் ஒருவன். எவ்விதச் சைகையும் காட்டாமல், எவர் உரிமையும் நோக்காமல், குறுக்கே திரும்பிக் கரையில் மோதி நின்றது.

“லேட்டாயிட்டீங்க பெரிசு!” என்று முக்காடணிந்தவன் கூவினான். “அடுத்த வாரம் சீக்கிரமா வாங்க!”

“சிக்னல் காட்டினியா நீ?” என்று தலைவன் இடிமுழக்கினான்.

“பாட்டுக் காட்டினேன், கேக்கலையா?”

களத்தில் தோற்ற மன்னன் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல் மால்கம் சுக்கானைத் திருப்பினான். பிராட் ஸ்ட்ரீட்டின் அடியே செல்லும் குறுங்குகைக்கு இப்பாலே மற்றோரிடம் தென்பட்டது. தண்ணீர்க் குழாய்க்கு நேரெதிரே, ஒரு படகு தாராளமாய் நிற்கலாம்.

“இங்கேயே கட்டிரு,” என்றாள் கிளெண்டா.

“இது தண்ணி பிடிக்கிற இடம். ராத்திரி நிக்கக் கூடாது.”

“காலையில கிளம்பிருவோம். யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்ப்பேனே.”

கிளெண்டா வானத்தைப் பார்த்தாள். வானத்தில் உதவி ஏதுமில்லை. மேற்கே செந்நிறம் மட்டும் திரண்டுகொண்டிருந்தது. அவள் கைப்பேசியை எடுத்து, ஹோட்டல் பக்கத்தைத் திறந்து, கணவனுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். தன் கலத்தை விற்கும் விளம்பரத்தின் முதல் வரி தலைவன் மனக்கண்ணில் தானாய் எழுதிக்கொண்டது. குகையின் ஈரக் குளிர் தோளில் சொட்ட, அவன் மேலும் சென்றான்.

குகைக்கு அப்பால், கேஸ் ஸ்ட்ரீட் துறையில், ஊழ் தன் கடைசிக் கதவைத் திறந்துவைத்திருந்தது. பாதியளவே திறந்திருந்தது. பூட்டிக்கிடந்த பழுப்புப் படகு ஒன்றுக்கும், மாதுளை நிறத்தில் மின்னிய குறும்படகு ஒன்றுக்கும் இடையே வெளி. ஆனால் லேடி மார்ஜோரம் நிற்க ஒரு கைநீளம் குறைந்தது. மாதுளைப் படகுக்கு முன்னே அதே ஒரு கைநீளம் வீணே கிடந்தது. அதைச் சற்று முன்னிழுத்துக் கட்டினால் போதும்! அப்படகின் பின்தளத்தில், மடக்கு நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியணிந்த கரீபிய மாது ஒருத்தி, கால்நகங்களுக்குச் செஞ்சாயம் பூசிக்கொண்டு அரியணையமர்ந்த அரசிபோல் வீற்றிருந்தாள். சந்தியிலிருந்த மதுக்கடையின் முற்றம் முழுவதும் அந்தக் காட்சிக்கு மேல்மாடமாய் அமைந்திருந்தது.

“மேடம்,” என்றான் தலைவன், எஞ்சினைத் தணித்து. “ஒரு சின்ன உதவி. உங்க படகைக் கொஞ்சம் முன்னால இழுத்துக் கட்டினீங்கன்னா நாங்க இங்க நின்னுக்கலாம்.”

தூரிகை பாதி நகத்தில் நின்றது.

“இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே,” என்றாள் அவள். “‘வசதியான இடம் பார்த்து இடப்பக்கமா நிறுத்துங்க.’ இதை ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்.”

“வசதியான இடம் பார்த்து இடப்பக்கமா நிறுத்துங்க,” என்றான் மால்கம், தன்னையறியாமல்.

கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிற்று. “டிரான்ட்டர் சார்! என்னைத் தெரியலையா? வெரோனா பிளாக்வுட். நாலு தடவை பெயில் போட்டீங்க. நாலு தடவை! அஞ்சாவது தடவை உங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு, கார் வாங்க வச்சிருந்த காசுல இந்தப் படகை வாங்கிட்டேன். இதை ஓட்ட லைசன்ஸ் காட்டுன்னு எவனும் கேக்க மாட்டான்.”

மதுக்கடை முற்றத்தில் ஐந்தாறு தலைகள் கைப்பிடிச் சுவர்மேல் நீண்டன. கிளெண்டா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே உறைந்து நின்றாள்.

“நகரலாம்,” என்று தொடர்ந்தாள் வெரோனா. “ஆனா சாயம் காயணும். அதுவரைக்கும் ஒண்ணு சொல்லுங்க. முதல் மூணு தடவை சரி, நான் சரியா ஓட்டலை. நாலாவது தடவை நல்லாத்தான் ஓட்டினேன். எதுக்குப் பெயில் போட்டீங்க?”

ஆயிரம் யானை மோதினும் அசையாத நெஞ்சம் அன்று அசைந்தது. இடமோ கைக்கெட்டும் தூரம், பொழுதோ கூரைகளுக்குப் பின்னே, மகளின் திருமணமோ விடிந்தால், கலமோ விற்பனைக்கு. ஒரேயொரு பொய், கொசுவளவு பொய், போதும்.

“‘என் தப்புதான்’னு சொல்லிடு,” என்று கிளெண்டா பல்லைக் கடித்தபடி காதில் ஓதினாள். “வாய் தேஞ்சா போகும்?”

மால்கம் சுக்கானைப் பார்த்தான். பிறகு வெரோனாவைப் பார்த்தான். நினைவின் அடித்தளத்திலிருந்து அந்த நாள், மழையும் கண்ணாடி துடைப்பானின் கிறீச்சொலியுமாய், மெல்ல எழுந்து வந்தது.

“சிவப்புக் கார்,” என்றான். “லிச்ஃபீல்டு ரோடு. இடப்பக்கம் திரும்பும்போது நீங்க கண்ணாடி பார்க்கலை. பக்கத்துல ஒரு சைக்கிள் வந்துச்சு. நான்தான் பிரேக்கை மிதிச்சேன். மத்தபடி நீங்க ஓட்டினதுல ஒரு குறையும் இல்லை. ரொம்ப நல்லா ஓட்டினீங்க. ஆனா அது ஒண்ணு போதும். இன்னைக்கு நடந்தாலும் பெயில்தான் போடுவேன்.”

கிளெண்டா கண்களை மூடிக்கொண்டாள். மேல்மாடத்தில் ஒருவர், “முடிஞ்சது கதை,” என்றார்.

வெரோனா தன் நகங்களை ஊதினாள்.

“மஞ்சக் கோட்டுப் போட்ட பொண்ணு,” என்றாள் கடைசியில், தாழ்ந்த குரலில். “நீங்க பிரேக் மிதிச்சப்புறம்தான் அவளைப் பார்த்தேன். கார்க் கதவுக்கும் அவ காலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறையில உக்காந்து அழுதேன். வெளியில எல்லார்கிட்டயும் அந்த ஆள் ஒரு கொடுங்கோலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” அவள் எழுந்தாள். “இப்ப மட்டும் ‘என் தப்புதாம்மா’ன்னு குழைஞ்சிருந்தீங்க, கயித்தைத் தொட்டிருக்க மாட்டேன்.”

அவள் கயிற்றை அவிழ்த்தாள். மாதுளைப் படகு சலசலத்து முன்னே நகர்ந்தது. மதுக்கடை முற்றம் ஆரவாரித்தது. ஆனால் அவள் கையுயர்த்தி அதை அடக்கினாள்.

“இருங்க. சும்மா விட முடியுமா? பரீட்சை வைக்கணும். டிரான்ட்டர் சார், நீங்க தயாரானதும் வசதியா இடப்பக்கம் நிறுத்துங்க!”

கேளீர், கேளீர்! அன்று கேஸ் ஸ்ட்ரீட் துறையில் நிகழ்ந்த அந்தப் பெருஞ்சமரை எந்த நாவால் உரைப்போம்? இரும்பு நெடுங்கலம் பின்வாங்கிற்று, மதயானை சங்கிலியை இழுப்பதுபோல் திமிறிற்று. தெற்கிலிருந்து வீசிய பகைக்காற்று அதன் முன்மூக்கைப் பிடித்துத் துறைநீரின் நடுவுக்குத் தள்ளிற்று. தலைவன் சுக்கானை அப்பால் தள்ளி, எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் முன்னோக்கிச் சுழற்றி, கரும்புகை கக்கவைத்து, வியர்வை புருவம் கடந்து கண்ணில் இறங்க, அங்குலம் அங்குலமாய்த் தன் கலத்தைக் கரைக்குக் கொணர்ந்தான்.

“கண்ணாடி பார்த்தீங்களா சார்?” என்று வெரோனா கூவினாள்.

“படகுல கண்ணாடியே கிடையாது!”

“அது உங்க பிரச்சனை!”

முற்றத்தில் சிரிப்பலை எழுந்தது. அந்தச் சிரிப்பில் ஒரு நொடி கவனம் சிதறிற்று. ஒரு நொடி போதும் என்று பிறருக்கு வாழ்நாளெல்லாம் உபதேசித்தவனல்லவா அவன்? டொங்கென்று ஓர் ஓசை. லேடி மார்ஜோரத்தின் பின்னிடுப்பு கருங்கற் கரையை முத்தமிட்டது. உள்ளே அலமாரியிலிருந்து தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழும் ஒலி நீண்டுகொண்டே போயிற்று. பிறகு படகு அசையாமல் நின்றது. இரு படகுகளுக்கும் நடுவே, உறைக்குள் வாள்போல், கச்சிதமாய் நின்றது.

எல்லாக் கண்களும் மாதுளைப் படகின் பக்கம் திரும்பின. வெரோனா நெஞ்சு நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, துறை முழுதும் கேட்கப் பிரகடனம் செய்தாள்:

“கரையில இடிச்சீங்க. மன்னிக்கணும் மிஸ்டர் டிரான்ட்டர். பெயில்!”

எத்தனையெத்தனை பேருக்கு அவன் வழங்கிய சொல்! எவ்வளவு சின்னது என்று அதுவரை எண்ணியிருந்தான். அது வயிற்றுக்குள் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதை அன்றுதான் கண்டான். வாதாட வாயெடுத்தான். காற்றைச் சொல்லலாம், சிரித்தவர்களைச் சொல்லலாம். தன் முன்னே அமர்ந்து, காற்றையும் சூரியனையும் செருப்பையும் சாக்காய்ச் சொன்ன முகங்கள் வரிசையாய் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டு, தொப்பியைக் கழற்றினான்.

“சரியான தீர்ப்பு,” என்றான்.

கிளெண்டா அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு கயிற்றைப் பிடித்தபடியே கரையில் இறங்கி உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள். கைப்பேசியில் ஹோட்டல் பக்கம் தானாய் அணைந்திருந்தது. அவள் அதை மீண்டும் தொடவில்லை. வெரோனா முன்கயிற்றை வாங்கி வளையத்தில் மாட்ட, கிளெண்டா பின்கயிற்றை இருமுறை சுற்றி, ஒரு முடிச்சிட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் இட்டாள். மேல்மாடத்தார் கோப்பைகளை உயர்த்தினர். குகைக்கு அப்பாலிருந்து முக்காடணிந்தவனின் கொம்பொலிகூட வெற்றிச் சங்கென எழுந்து, பர்மிங்காம் மாநகரின் மாடங்களெங்கும் மோதி எதிரொலித்து, அந்திச் செவ்வானத்தில் கலந்தது.

பிறகு கிளெண்டா கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வந்தாள்.