மஞ்சள் சேலையும் மிளகாய்த் தோட்டமும்

படித்தவர்களைத் தோட்டத்துக்குள் விடும்போது கவனமாக இருக்க வேண்டும். அப்படி விடப்பட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மிளகாய் இலையைச் சுருளவைக்கும் வைரஸைப் பற்றி நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம். உரும்பிராயில் எனக்கொரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையை எனக்கு நன்றாகவே பிடித்துவிட்டது (அவருக்கும் பிடித்தது என்று நம்பினேன்). அவருடைய அப்பா, அதாவது வரப்போகும் மாமா, சம்மதிப்பதுதான் மிச்சம். தன் மிளகாய்த் தோட்டத்தைத் தவிர உலகில் எதையும் பெரிதாக மதிக்காதவர். "தோட்டத்தை ஒருக்கா வந்து பாருங்கோ பிள்ளை" என்று கூப்பிட்டார்.

மஞ்சள் சேலையில் போனேன் (அம்மாவின் தெரிவு, மங்களமாம்). பக்கத்துத் தோட்டத்தில் இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. ஆசை விடவில்லை. உள்ளே இறங்கி இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். விளக்கிக் காட்ட ஒரு கொப்பையும் முறித்துக்கொண்டு, மாமாவின் பச்சைப் பசேலென்ற செடிகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

"செடி சும்மா இருக்காது மாமா. வைரஸைத் துண்டு துண்டாய் வெட்டும். அந்தத் துண்டுகளைக் கள்ளன்ரை படம் மாதிரி வைச்சு, மிச்சக் கள்ளரைத் தேடிப் பிடிக்கும்."

"பேந்தென்ன, பிடிக்கிறதுதானே?"

"கள்ளன் அந்தப் படத்தையே களவெடுத்துப்போடுவான். அதுக்கெண்டே அவனிட்டை ஒரு புரதம் இருக்கு."

மாமா அசந்துபோனார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அது சரி பிள்ளை, உந்தக் கள்ளன் தோட்டத்துக்கை எப்பிடி வாறவன்?"

"வெள்ளை ஈதான் காவிக்கொண்டு வாறது. மஞ்சள் நிறமெண்டால் அதுக்கு உயிர்."

மாமா என் சேலையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கொசுவமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். கையிலிருந்த கொப்பிலும் அதே கூட்டம். அப்போதாவது வெளியே ஓடியிருக்கலாம். நானோ பதறிப்போய், நின்ற இடத்திலேயே சேலையை நன்றாக உதறினேன்.

மூன்று வாரத்தில் அந்தத் தோட்டம் சுருண்டது. கலியாணமும் போச்சென்று அழுது அழுது என் முகமும் வீங்கிவிட்டது. ஒருநாள் பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

"கலியாணத்துக்கு நாள் வையுங்கோ. இந்தப் பிள்ளையை வெளியிலை விட்டால் இன்னும் எத்தினை பேரின்ரை தோட்டம் போகுமோ தெரியாது."

இன்றும் சொந்தக்காரர் யாராவது தங்கள் தோட்டத்தைப் பார்க்க வரச்சொன்னால், நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொள்வார்.

"ஓம் ஓம், வருவம். மருமகள் வேலிப் படலைக்கு வெளியிலை நிண்டு பார்ப்பா."