வீட்டோடு மாப்பிள்ளை

அந்தச் சிப்பாய் இன்றைக்கும் சண்டைக்கு வரவில்லை.

ஊரே பற்றி எரிந்துகொண்டிருந்தது. மற்ற சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே பாலத்தை நோக்கி ஓடினார்கள். இவன் மட்டும் ஒரு சந்துக்குள் நுழைந்து, மாடி வீடு ஒன்றின் வாசலில் துப்பாக்கியைச் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

கம்ப்யூட்டர் திரையில் இதைப் பார்க்கப் பார்க்கக் கமாண்டருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கமாண்டர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். போர் விளையாட்டுகளை உருவாக்குவது அவன் வேலை. எந்தத் தோட்டா எந்த எலும்பை எப்படி உடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஊசி போட்டுக்கொள்ள மட்டும் அம்மா கூட வர வேண்டும்.

எதார்த்தம் என்றால் அவனுக்கு உயிர். விளையாட்டில் வரும் ஊர்கூடக் கற்பனை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சண்டையில் தரைமட்டமான நிஜ ஊர். பழைய வாடகை விளம்பரங்களில் இருந்த படங்களைத் தேடிப் பிடித்து, வீடுகளை உள்ளும் புறமும் அச்சு அசலாக வரைந்திருந்தான்.

உயிரோடு இருக்கும் எல்லாரும் பாலத்தைத் தாண்டினால்தான் ஆட்டம் முடியும். எங்கெங்கிருந்தோ ஆளுக்கொரு சிப்பாயை இயக்கி ஆடுகிறவர்கள் தாண்டிப் போய், ஜன்னலோரம் நிற்கும் இந்த ஒரு ஆளுக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். எதிரிப் படையை நடத்துவது கம்ப்யூட்டர். வீட்டுக்குள் நுழைய அதற்குச் சொல்லித் தரப்படவில்லை. போர் நடக்கும்போது வீட்டுக்குள் யாராவது இருப்பார்கள் என்று கமாண்டருக்குத் தோன்றவே இல்லை.

ஆபீஸில் அந்தச் சிப்பாய்க்கு ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. மறுநாள் முதலீட்டாளர்கள் வந்து ஆட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் சரியாகவில்லை என்றால், கமாண்டருக்கு வரவேண்டிய தலைமைப் பதவி கார் பந்தய விளையாட்டு செய்கிறவனுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

கமாண்டர் முதலில் அந்த வீட்டுக்குக் கரண்டைப் பிடுங்கினான். கும்மிருட்டு. மாப்பிள்ளை நாற்காலியில் மோதவில்லை, கதவில் இடித்துக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று நடந்து அதே ஜன்னலுக்குப் போய்விட்டான். ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று ஆபீஸே முடிவு கட்டியது.

அடுத்ததாக, எதிரிகளுக்கு வீடு புகுந்து தாக்கக் கற்றுக்கொடுத்தான். மாப்பிள்ளை அலமாரியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். அந்த அலமாரி நகரும் என்பதே வரைந்தவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வினை அங்கேதான் பிடித்தது. காத்திருந்து அலுத்தவர்கள், அப்படி என்னதான் செய்கிறான் என்று எட்டிப் பார்க்க வந்தார்கள். அலமாரி யோசனை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆளுக்கொரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் போர் நின்றுவிட்டது. எதிரிப் படை, அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்ததைப் போல வெறும் தெருவில் அலைந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார்.

“ஏம்பா, ஊரே கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தா அதுக்குப் பேரு போரா?”

“அதான் சார் எனக்கும் புரியல. நிஜப் போர்ல எவனாவது இப்படி உக்காந்திருப்பானா?”

“நாளைக்குக் காலையில எனக்குச் சண்டை வேணும். என்ன செய்வியோ தெரியாது.”

கமாண்டருக்கு இருந்தது ஒரே வழி. குண்டு போடும் விமானத்தை வரவழைத்தான். பொத்தானில் விரல் வைத்த நேரம் அம்மாவின் போன். மழை வரும் போலிருக்கிறதாம், நனைந்தால் சளி பிடிக்குமாம், குடை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வரட்டுமா என்று கேட்டாள்.

“வாம்மா,” என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினான்.

மாடி வீடு பொலபொலவென்று உட்கார்ந்தது. ஜன்னல், அலமாரி, மாப்பிள்ளை எல்லாம் போயிற்று. அதைப் பார்த்த மற்றவர்கள் அலறியடித்துத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். போர் மறுபடி களைகட்டியது. இனி வரும் ஆட்டங்களிலும் அந்த வீடு இடிந்தே கிடக்கும்படி செய்துவைத்தான்.

மறுநாள் முதலீட்டாளர்கள் கைதட்டினார்கள். புழுதியைக்கூட எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறான் என்று வியந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் மாப்பிள்ளை திரும்பி வந்தான். இடிபாட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஆட்டத்தை விட்டே வெளியேறினான்.

“ரோஷக்காரன்,” என்றான் கமாண்டர், புதிய நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுப் பதவி கிடைத்த விஷயத்தைச் சொன்னான்.

ஆபீஸ் முழுக்கக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண் வந்து நின்றாள். கேக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

“சார், அந்த மாடி வீட்டு ஆள் போன் பண்ணியிருந்தாங்க.”

“மாப்பிள்ளையா? என்ன, நல்லாத் திட்டினானா?”

“மாப்பிள்ளை இல்ல சார். வயசான ஒரு அம்மா. திட்டவெல்லாம் இல்ல, ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. அந்த வீட்டை மறுபடியும் கட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க.”

கமாண்டர் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தத் தெருவில் வீட்டுக்கா பஞ்சம், வேறு ஒரு ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டான்.

“சொன்னேன் சார்,” என்றாள் அந்தப் பெண். “அந்த வீடு நிஜத்துல இடிஞ்சப்போ யாருக்குப் போன் பண்றதுன்னே தெரியலையாம். இந்தத் தடவை நம்ம நம்பர் இருக்கேன்னு பண்ணினாங்களாம்.”