இடித்துக்கொள்ளாத பதினாறு ஆண்டெனா

இரண்டு கோடும் சேரவில்லை. வெண்டல் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். அப்போதும் சேரவில்லை.

நீலக்கோடு அவன் கணினியில் ஓட்டிய சிமுலேஷன். சிவப்புக்கோடு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்தது. "அவங்க அளந்து அனுப்பியிருக்காங்க" என்று மேலாளர் லோர்ன் அதை அவனுக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஒரே பலகை, அதே பதினாறு ஆண்டெனா. ஆனால் நீலம் மேடும் பள்ளமுமாக விழுந்து எழுந்து போனது. சிவப்பு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வழவழவென்று கிடந்தது.

"என்ன, சேரலியா?" லோர்ன் பின்னால் நின்று டோனட் மென்றுகொண்டிருந்தார்.

"சேரலை."

"அப்ப உன் சிமுலேஷன்தான் தப்பு. அளந்தது அளந்ததுதான்."

"ஆண்டெனாங்க ஒட்டி ஒட்டி நிக்குது லோர்ன். ஒண்ணு அலையை விட்டா, பக்கத்துல இருக்கிறது கொஞ்சத்தைப் பிடிச்சுத் திரும்பத் துப்பும். அந்தக் கப்ளிங்கைக் கணக்குல சேர்த்தா மேடு பள்ளம் வரத்தான் செய்யும். இவங்க அளவுல அது சுத்தமா இல்லை. பனிக்காலத்துல காலை பஸ்ஸுல பதினாறு பேர் நிக்கிறாங்க, ஒருத்தன் முழங்கைகூட அடுத்தவன் மேல படலைன்னா நம்புவீங்களா?"

"நான் கார்ல வர்றவன். எனக்கு பஸ் கதையெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க. அதுக்குள்ள நீலமும் சிவப்பும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். இல்லேன்னா இந்த வேலை டொரொன்டோ ஆபீசுக்குப் போயிரும். அப்புறம் உன்னை வச்சு நான் என்னப்பா செய்ய, பனி தள்ளவா?"

வெண்டல் கனாட்டா புறநகரில் வீடு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பனி தள்ள அவனுக்குச் சொந்த வாசலே போதும்.

வரைபடத்தில் இல்லாத எதையோ அவர்கள் பலகையில் சேர்த்திருப்பார்களோ? அப்படித்தான் இருக்கும். ஆண்டெனாக்களுக்கு நடுவே அலையைக் குடிக்கிற நுரைப்பஞ்சை வைத்து ஓட்டினான். கப்ளிங் அடங்கியது. கூடவே ஆண்டெனாவும் அடங்கிவிட்டது. போட்ட சக்தியில் முக்கால்வாசியைப் பஞ்சே குடித்துச் சூடேறியது.

"இது ஆண்டெனா இல்லப்பா, ஹீட்டர்" என்றாள் பக்கத்து மேசை பெவ். "ஜனவரியில வித்தா நல்லாப் போகும்."

பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆண்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தான். இடிப்பது குறைந்தது. ஆனால் நேராகப் போக வேண்டிய அலை பக்கவாட்டில் இன்னொரு கிளை விட்டது.

பெவ் எட்டிப் பார்த்தாள். "இது யாரைப் பார்த்துப் பேசுது?"

"ரெண்டு பக்கமும்."

"என் பழைய புருஷன் மாதிரி."

அடுத்து ஒன்றுவிட்டு ஒன்றைப் படுக்கவைத்துப் பார்த்தான். எட்டு நின்றன, எட்டு படுத்தன. அந்தக் கணக்கை ஓட்டப் போய் ஆபீஸ் சர்வரே மூச்சு முட்டி நின்றது. அதோடு அலுவலகத்தின் மின்னஞ்சலும் நின்றது. கொஞ்ச நேரத்தில் மொத்த ஆபீசும் காபிக் கோப்பையோடு அவன் மேசையைச் சுற்றி நின்றது. கணக்குப் பிரிவுக்காரர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் வெண்டலுக்கு வழி எல்லாம் தீர்ந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 'கப்ளிங்கைச் சேர்.' அக்கம்பக்கம் பார்த்தான். கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தான். மனசாட்சியையும் கூடவே எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான்.

நீலம் போய்ச் சிவப்பின் மேல் அப்படியே படுத்தது. மூன்றாவது தசம இடம்வரை ஒரே எண்.

"அளந்த எண் எங்கேயாவது இவ்வளவு சுத்தமா ஒத்துப்போகுமா?" என்றாள் பெவ்.

"பெவ், வாயை மூடு."

"மூடிடறேன். ஒரு காபி வாங்கிக் குடு, மறந்தும் போயிடறேன்."

வெள்ளிக்கிழமை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டினோவிலிருந்து வாடிக்கையாளரின் இன்ஜினியர் ஒடீல் வந்தாள். லோர்ன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முன்னால் நின்றார். பெரிய திரையில் இரண்டு கோடும் ஒன்றாகக் கிடந்தன. வெண்டல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களாம்மா? உங்க அளவும் எங்க சிமுலேஷனும்! நடுவுல ஒரு மயிரிழை நுழையாது!"

ஒடீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள்.

"எங்க அளவா? நாங்க இன்னும் பலகையே செய்யலையே."

"அப்ப நீங்க அனுப்பினது?" லோர்னின் குரல் இறங்கியது.

"அது நாங்க விலை கேட்டப்போ அவசரத்துல நீங்க போட்டுக் குடுத்த சிமுலேஷன் சார். இதுல கப்ளிங்கையே காணோம், அதையும் சேர்த்துப் போட்டுக் காட்டினா அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்னு எழுதித்தானே திருப்பி அனுப்பினேன்?"