மேசை மீட்புப் போராட்டம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை மீட்டே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டு, நாலு வேட்டியைக் கறையாக்கிய பிறகு எடுத்தது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் காலத்தில் யாருக்குத் தெரிகிறது? நூற்பாலையில் முப்பத்தொரு ஆண்டு இருந்தேன். பாதி வேலை, பாதி வேலைநிறுத்தம். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்பில் கைவிட்டது. துண்டுப் பிரசுரங்கள்தான் கைகொடுத்தன. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் நீளமான சொல் 'கண்டன ஆர்ப்பாட்டம்'. மூன்று நிர்வாகங்களைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்திருக்கிறேன். நான் தொண்டை கிழியக் கத்தி வாங்கிக் கொடுத்த எட்டு மணி நேர வேலையை அனுபவித்தவர்கள், இன்று தெருவில் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள். போகட்டும்.

என் மனைவி போர்வை தைப்பவள். துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் பூப்போட்ட துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பாள். துண்டுப் பிரசுரத்தால் வளர்ந்தவன் நான். துண்டுத் துணியால் வீட்டை வளர்த்தவள் அவள். என் பழைய சட்டைகள் எல்லாம் ஊரில் பல கட்டில்களில் முக்கோணங்களாகப் படுத்திருக்கின்றன.

இந்த முறை ஏதோ பெரிய போர்வை. மேசை முழுக்க விரித்து, நாலு பக்கமும் தொங்கவிட்டிருந்தாள். மேலே மஞ்சள் பூ. அதன் மேல் நூல்கண்டு, ஊக்கு டப்பா, கத்திரிக்கோல், அவளுடைய கண்ணாடி. எனக்கென்று ஒரு டம்ளர் வைக்க இடமில்லை.

"இந்த மேசை எதுக்கு இருக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"நாலு கால் இருக்கு. அதனால நிக்குது."

"சாப்பிடுறதுக்கு இருக்கு!"

"ரெண்டு மாசமா பட்டினியா கெடக்குறீங்க? பெல்ட்டுல ஓட்டை ஒண்ணு தள்ளிப் போயிருக்கே."

"இது அப்பட்டமான ஆக்கிரமிப்பு."

"ஆமா. அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அது பழக்கதோஷம்.

முறைப்படி போவோம் என்று ஐந்து அம்சக் கோரிக்கை மனு ஒன்றை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மாலையில் வந்து பார்த்தால் மனுவைக் காணோம். அவள் அதை அறுகோணம் அறுகோணமாக வெட்டி, துணிக்கு அளவுக் காகிதமாக வைத்துக்கொண்டிருந்தாள். "பேப்பர் நல்ல கெட்டிங்க. இன்னும் ரெண்டு மனு எழுதிக் குடுங்களேன்."

உண்ணாவிரதம் அறிவித்தேன்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"காலவரையற்றது!"

"அப்பாடா. சமையல் வேலை மிச்சம். இன்னைக்கு நிறையத் தைக்கலாம்."

மூன்று மணி நேரத்தில் உண்ணாவிரதத்தை நானே பழச்சாறு குடித்து முடித்துவைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக் கூட்டம், இன்னும் மூன்று வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை. 'வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் நாற்பத்தேழு நாள் கட்டியிருந்த அந்தப் பதாகை உங்களிடம்தான் இருக்கிறதாமே, தோழர். அதை நீங்களே மேடைக்குக் கொண்டுவர வேண்டும்' என்று எழுதியிருந்தார் செயலாளர். பதினாறு ஆண்டாக ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பாத சங்கம். கடிதத்தை நான்கு முறை படித்தேன். நாலாவது முறை கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

பதாகை என்னிடம்தான் இருந்தது. கொல்லையில் தகரக் கொட்டகை, அதில் தகரப் பெட்டி, அதில் சிவப்புத் துணி. வெள்ளை எழுத்தில் 'பின்வாங்க மாட்டோம்'. ஒருமுறை என் மனைவி அதைத் துவைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, வரலாற்றைத் துவைக்கக்கூடாது என்று அரைமணி நேரம் பேசினேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கடிதம் வந்த அன்றே பெட்டியைத் திறந்தேன். மடித்த சிவப்பு மேலே தெரிந்தது. பிரித்தால் நைந்துவிடும் என்று தொடவில்லை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மூடிக்கு ஒரு கட்டுப் பிரசுரத்தை முட்டுக் கொடுத்துவிட்டு, கை மடக்கி ஒரு வணக்கம் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் போய் வணக்கம் வைப்பது வழக்கமாயிற்று.

இனி மேசை. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊர்க் கடிதங்களையெல்லாம் சுமந்த தோள். இப்போது என் குறைகளைச் சுமக்கிறது. சுற்றுச்சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தலைவரே, தனியாப் போராடுனா ஜெயிக்க முடியாது. வெளியில இருந்து ஆதரவு திரட்டுங்க."

"யார் இருக்கா?"

எங்கள் கொய்யா மரத்தைக் காட்டினார். ஓர் அணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எங்களையே பார்த்தது.

"அதுக்குப் பஞ்சுன்னா உசுரு. எங்க வீட்டம்மா மெத்தையை ஒரே வாரத்துல பிச்சுப் போட்டுச்சு. அவங்க மெத்தையைத் தூக்கிட்டு மாடிக்கே போயிட்டாங்க. உங்க வீட்டு ஜன்னல் ஓரமாத்தானே மேசை? நாலு வேர்க்கடலை வைங்க. மத்ததை அது பாத்துக்கும்."

அற்புதமான திட்டம். என் கையில் கறை படாது. தொல்லை தாங்காமல் அவளே கடையைக் கட்டிக்கொண்டு பின்னறைக்குப் போவாள். மேசை மீளும்.

மறுநாளே சட்டைப் பையில் கடலையோடு களத்தில் இறங்கினேன். முதல் நாள் மைனா தின்றது. இரண்டாம் நாள் ஓணான் வந்து கடலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. அது நிர்வாகத் தரப்பு. மூன்றாம் நாள் அணில் வந்தது. ஐந்தாம் நாள் உள்ளேயே இறங்கி, போர்வையின் தைக்காத மூலையிலிருந்து ஒரு வாய்ப் பஞ்சை உருவிக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளைத் தாடியோடு மூத்த தலைவர் மாதிரி ஜன்னலில் நின்றது.

நான் செய்தித்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஐயோ, பாவம்," என்றாள் என் மனைவி. "பிள்ளைத்தாச்சி போலிருக்குங்க. கூடு கட்டுது."

"விரட்டு! பஞ்சையெல்லாம் கொண்டுபோகுது பாரு!"

"கொண்டுபோகட்டும். என்கிட்ட மிச்சம் கெடக்கு." மறுநிமிடம் ஒரு கிண்ணத்தில் கழிவுப் பஞ்சும், வண்ண வண்ண நூலும் ஜன்னலில் வந்து உட்கார்ந்தன. பக்கத்தில் தண்ணீர். "ஆனா இந்தக் கடலைதான் யார் வைக்கிறாங்கன்னு தெரியலை," என்றாள், என் சட்டைப் பையைப் பார்த்தபடி.

நான் திரட்டிய ஆதரவு, விருந்தாளியாகிவிட்டது.

இரண்டு வாரம் ஓடியது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, பதாகையை எடுத்து வரக் கொட்டகைக்குப் போனேன். வணக்கம் வைக்கக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது.

பெட்டிக்குள் சிவப்பு நார் நாராகக் கிடந்தது. நடுவே பஞ்சுப் பந்து. பந்துக்குள் விரல் நீளத்தில் நாலு குட்டிகள், கண் திறக்காமல், பச்சையும் நீலமுமாக என் மனைவியின் நூலைச் சுற்றிக்கொண்டு தூங்கின. உத்தரத்தில் தாய் அணில் கீச்சுக் கீச்சென்று என்னைக் கண்டித்தது.

போலீஸ் தடிக்கும் மழைக்கும் தப்பிய பதாகை. நான் உரித்துப் போட்ட கடலைக்குப் பலியாகிவிட்டது. பிரசுரக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் எதைத் தூக்கிக் காட்டுவேன்? என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.

எவ்வளவு நேரம் இருந்தேனோ. என் மனைவி வாசலில் நின்றாள்.

"என்னங்க, டீ ஆறுது... ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, தபால்காரர், கடலை. வாக்குமூலம் என்றால் அதுதான் வாக்குமூலம். காவல்நிலையத்தில் இரண்டு இரவு நிற்க வைத்தும் வாங்க முடியாதது.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "நாலு போட்டிருக்கு! அடடா, என்ன அழகு!"

"என் வாழ்க்கையே கிழிஞ்சு கெடக்கு. உனக்கு அழகா?"

"கிழிஞ்சது உங்க வாழ்க்கை இல்லைங்க. நம்ம பழைய ஜன்னல் திரை."

"திரையா?"

"முன்னறையில மாட்டியிருந்தோமே, சிவப்பு. மூணு மாசம் முன்னாடி நான்தான் மடிச்சு உள்ள வெச்சேன். பெட்டி காலியாத் தெரிஞ்சா நீங்க ஊர்வலம் கெளம்பிடுவீங்களே."

இருபது நாளாக நான் வணக்கம் வைத்தது ஜன்னல் திரைக்கு.

"அப்ப பேனர்?"

"எந்திரிங்க. வந்து ஒரு கை பிடிங்க."

மேசையிலிருந்த நூல்கண்டையும் ஊக்கு டப்பாவையும் எடுத்து நாற்காலியில் வைத்தாள். "அந்த ரெண்டு மூலையையும் பிடிங்க. இழுக்காதீங்க, தூக்குங்க. ம்... இப்பத் திருப்புங்க."

மஞ்சள் பூ கீழே போனது. சிவப்பு மேலே வந்தது.

'பின்வாங்க மாட்டோம்.'

ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் அரிசி அரிசியாகத் தையல். நைந்த இடங்களில் அதே நிறத்துத் துணி, ஒட்டுப் போட்டது தெரியாமல். உள்ளே பஞ்சு கொடுத்திருந்ததால் எழுத்தெல்லாம் சதை பிடித்து, எங்கள் காலத்தைவிட ஆரோக்கியமாக இருந்தது.

"பெட்டியைத் துடைக்கலாம்னு எடுத்தேன். மடிப்பு மடிப்பா அறுந்து ஏழு துண்டா வந்துச்சு," என்றாள். "உங்ககிட்ட கேட்டா பொதுக்குழுவைக் கூட்டணும்பீங்க. அதான் சொல்லலை. நீங்க நூலகத்துக்குப் போனா எழுத்து மேல. நீங்க வந்தா பூ மேல."

ஆக, மூன்று வாரமாக மேசையை விட்டு விரட்ட நான் பாடுபட்டது, என்னுடைய பதாகையை.

மூலையை விட்டுவிட்டு, கை மடக்கி ஒரு வணக்கம் வைத்தேன். இந்த முறை ஜன்னல் திரைக்கு இல்லை.

"அந்த வலது மூலை மட்டும் கொஞ்சம் புசுபுசுன்னு இருக்கும்," என்றாள். "உங்க ஆள் கொண்டுபோன பஞ்சுக்குப் பதிலா உங்க மஃப்ளரை வெச்சுத் தைச்சிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மேடையில் அதை விரித்தபோது கூட்டம் எழுந்து நின்றது. செல்போனைப் பார்ப்பவர்களும் நின்றார்கள், படமெடுப்பதற்காக என்றாலும். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ஐம்பது நிமிடத்துக்குக் குறிப்பு வைத்திருந்தேன். ஒலிவாங்கிக்கு முன்னால் போனதும் குறிப்பை மடித்துவிட்டேன்.

"நாற்பத்தேழு நாளும் மக்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று எல்லா மேடையிலும் பேசியிருக்கிறேன்," என்றேன். "என் வீட்டில் அந்த மக்கள் பகலெல்லாம் தலையணை உறை தைத்தார்கள். விரலெல்லாம் ஊசிக் குத்தோடு எனக்குப் பரிமாறினார்கள். நான் ஒருநாளும் பெயர் குறிப்பிடவில்லை. இந்தத் துணியை இன்று ஏழு துண்டிலிருந்து ஒன்றாக்கியதும் அவர்கள்தான். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்."

மக்கள் தலையைக் குனிந்து கைப்பையில் கண்ணாடிக்கூடு தேடினார்கள். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

கைதட்டல் அடங்கவில்லை. செயலாளர் ஒலிவாங்கியை வாங்கினார். "தோழர்களே, நம் சங்கக் கிடங்கில் இன்னும் பதினோரு பழைய பதாகைகள் நைந்து கிடக்கின்றன. அவற்றையும் அம்மாவே இப்படிச் செப்பனிட்டுத் தர வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன்!"

நெஞ்சு நிறைந்திருந்த நேரம். ஒலிபெருக்கி இல்லாமலே கத்தினேன்: "வழிமொழிகிறேன்!" இரண்டு கையையும் தூக்கினேன். ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் மதியம் சங்கத்து வண்டி வந்தது. இரண்டு பேர் நாலு மூட்டைகளை இறக்கி, எங்கே வைக்க என்று கேட்டார்கள். சுத்தமாகத் துடைத்து, இரண்டு தட்டு வைத்து நான் தயாராக வைத்திருந்த மேசையை என் மனைவி காட்டினாள்.

"இதெல்லாம் முடிய எவ்வளவு நாளாகும்?" என்றேன்.

"ஒண்ணுக்கு ரெண்டு மாசம். பதினொண்ணு இருக்கு. நீங்களே பெருக்கிக்கங்க."

"அதுவரைக்கும் மேசை...?"

"எனக்கென்னங்க தெரியும்? தீர்மானத்தை வழிமொழிஞ்ச தலைவரைத்தான் கேக்கணும்." தட்டை என் மடியில் வைத்தாள். "சாப்பிட்டு முடிச்சதும் கொஞ்சம் கடலை உரிச்சு வைங்க. பிள்ளை பெத்தவ, பசியோட வருவா."

சாப்பிட்டு, கை கழுவி, கடலையை உரித்து, மூட்டைகளுக்கு நடுவே அவள் ஒதுக்கியிருந்த ஒரு சாண் இடத்தில் வைத்தேன்; எங்கள் வீட்டில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது இப்போது அந்த அணில் ஒன்றுதான்.