பிடுங்கிய வால்வுகள்

ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்த ஒரு கண்ணாடி வால்வைப் பிடுங்கிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான் கிளோவிஸ்.

சனிக்கிழமை மதியம் மெம்ஃபிஸ் வானொலியில் 'டஸ்டி ரே' என்ற பெயரில் இடுப்பை ஆட்டிப் பாடுபவன் அவன்தான். அம்மா ஆர்டெல்லா தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. அந்தப் பாட்டெல்லாம் பிசாசின் கூச்சல் என்பாள். தெரிந்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள். இதுவரை பிரச்சினை இல்லை. சனிக்கிழமை மதியம் அவளுக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. இன்று பாதிரியாருக்குக் காய்ச்சல், தேவாலயம் பூட்டு. பயிற்சி வீட்டில்.

"கிளோவிஸ்! ரேடியோ செத்துக் கிடக்குடா!"

"பாட்டு பாடத்தானே வர்றாங்க? ரேடியோ எதுக்கும்மா?"

"பக்கத்து வீட்டு பர்விஸ் அக்காகிட்ட வாங்கிட்டு வா. கேள்வி கேக்காதே!"

வாங்கி வந்தான். வரும் வழியிலேயே அதன் வால்வும் பைக்குள் போனது.

"இதுவும் பேசலையே!" அம்மாவுக்கு வியர்த்தது. அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

"என் கார்ல ரேடியோ இருக்கே!" என்றாள் பயிற்சிக்கு வந்துசேர்ந்த பர்விஸ்.

"அதுல பிரேக் சரியில்லக்கா, பாத்துட்டு வந்துடறேன்!" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரோடு பறந்தான் கிளோவிஸ்.

வானொலி நிலையத்தில் மைக் முன்னால் நின்றதும் வழக்கம்போல் கால் தானாக உதறியது. பைக்குள் வால்வுகள் ஒன்றோடொன்று மோதின. அடுத்த உதறலில் உடைந்து தொடையில் குத்தின. அவன் போட்ட அலறலைக் கேட்டு கிடார்காரன், "ஆகா, இப்படித்தாண்டா பாடணும்!" என்றான்.

பாட்டு முடிந்தது. நிலைய மேலாளர் ஹாய்ட் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"தம்பி, நிகழ்ச்சிக்குப் பணம் குடுக்கிற மாவுக் கம்பெனிக்காரங்க கணக்கு உனக்குத் தெரியும். இப்பப் பாடின பாட்டுப் பேரைச் சரியாச் சொல்றவங்க போன்தான் கணக்கு. வாராவாரம் மணி ஓயாது. இன்னிக்குக் கணக்குல ஒண்ணுகூட இல்லை. அடுத்த வாரத்துலேருந்து வராதே."

"ஒருத்தர்கூடவா கூப்பிடல?"

தொலைபேசிப் பெண் லொரீன் தலையை நீட்டினாள்.

"வாராவாரம் தேவாலயத்துலேருந்து கூப்பிடுற பொம்பளைங்க இன்னிக்கும் கூப்பிட்டாங்க. ஆனா எந்தப் படுபாவியோ ரெண்டு ரேடியோவையும் கெடுத்துட்டு, காரையும் கொண்டுபோயிட்டானாம். அதுல ஒரு அம்மா அழுதுகிட்டே கேட்டாங்க, 'என் பிள்ளை இன்னிக்கு என்ன பாட்டும்மா பாடினான்?'னு."