எண்பது சதவீத ஆவி

குமாசி நகரத்தில் செத்தவர்களுக்கு மைக் கொடுத்த முதல் புண்ணியவான் தீர்க்கதரிசி அன்டோபம்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். இறந்தவர்கள் ஒலிபெருக்கியில் பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? பெரும்பாலும் தீர்க்கதரிசி விற்கும் எண்ணெயின் மகிமையைத்தான். மேலுலகத்தில் வேறு பேச்சே கிடையாது போலிருக்கிறது.

போன வாரம் ஆவி எல்லை மீறிவிட்டது. மாரடைப்பில் செத்த போவாச்சி, கட்டைக் குரலில் இழுத்து இழுத்துச் சொன்னான்: "என்னைக் கொன்னது... என் அக்கா போகுவா. அவ சூனியக்காரி." பின்னணியில் ஒரே ஓலம். நரகத்து ஆத்துமாக்கள் என்றார் தீர்க்கதரிசி. நான்கு பேர் மயங்கி விழுந்தார்கள். அந்தத் தெருவில் எண்ணெய் வாங்காத ஒரே ஆள் போகுவா என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த ஞாயிறு அவளை ஊரைவிட்டுத் துரத்துவதாக ஏற்பாடு. போகுவாவின் மகள் டூஃபி விடுவதாக இல்லை. அவளுக்கு வானொலியில் ஒலித்தொகுப்பு வேலை. பெரிய மனிதர்களின் இருமலை வெட்டி எறிவாள். கைபேசி கைபேசியாகச் சுற்றிய ஆவிப் பதிவு அவளுக்கும் வந்திருந்தது. ஞாயிறு காலை மடிக்கணினியோடு சபைக்குப் போனாள்.

"மாமா குரலை இன்னொரு தடவை கேக்கணும், ஐயா."

"கேளும்மா. ஆவி யாருக்கும் பயப்படாது" என்றார் தீர்க்கதரிசி.

பாட்டு வரிகள் ஓடும் பெரிய திரையில், பதிவின் ஒலி கோடுகளாக விரிந்தது.

"அடியில ஒரு கோடு தெரியுதா? கரண்டு இரைச்சல். நம்ம ஊர்ல அது வினாடிக்கு ஐம்பது அதிர்வுல இரையும். மாமாகிட்ட நாற்பதுல இரையுது."

"மேலுலகக் கரண்டு வேறம்மா."

கூட்டம் ஆமென் போட்டது.

"சரிங்க ஐயா. நம்ம கரண்டுக்கு ஏத்திப் பாப்போம்."

நாற்பது ஐம்பதாகும்வரை வேகத்தைக் கூட்டி ஓடவிட்டாள். கட்டைக் குரல் கரைந்து தீர்க்கதரிசியின் சொந்தக் குரல் கணீரென்று வந்தது, வழக்கமான செருமல் உட்பட. நரக ஓலம், "கெஜேதியா, கெஜேதியா, ரெண்டு சீட்டு" என்றது.

"நம்ம வாசல்ல ஆள் ஏத்துற கெஜேதியா சந்தை ட்ரோட்ரோ வேன்தானே அது?" என்றார் சபை மூப்பர்.

"நரகத்துலேருந்து நேர் வண்டி விட்டிருக்காங்க போல" என்றது ஜன்னலில் தொங்கிய குரல்.

"பிசாசு கம்ப்யூட்டருக்குள்ள பூந்துடுச்சு" என்றார் தீர்க்கதரிசி.

"அப்ப அதே வார்த்தைய இந்த மைக்குல சொல்லுங்க ஐயா. எண்பது சதவீத வேகத்துல ஓட்டுறேன். மாமா வராரா பாப்போம்."

தீர்க்கதரிசிக்கு அவசர வேலை நினைவுக்கு வந்தது. பின்வாசல் வழியாகப் போனார்.

மூப்பரின் மனைவி மெல்ல டூஃபியிடம் வந்தாள். "பாப்பா, அந்தப் பெட்டியில எங்கப்பா பேசுவாரா?"

டூஃபிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின.

"செத்தவங்க பேச மாட்டாங்கக்கா. எங்கம்மா உசுரோடதான் இருக்காங்க. துரத்துறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? காதை மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்க. ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, அதை யாருக்காகக்கா பத்திரமா வச்சிருக்கீங்க?"