ஒரே தடவைதான் கேட்பார்கள்

வால்டோர்ஃப், ஜெர்மனி
2-6-2006

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை முகுந்த் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அதில் இருவர் பசியோடு நலம். அங்கே தங்களுக்கு முட்டிவலி குறைந்து, அத்தை சௌக்கியமாக இருந்து, சரளா தலை நிமிராமல் எம்.ஏ. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க கும்பேஸ்வரர் அருள்புரிவாராக.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தீப்தி "பசிக்குது" என்று அலறியதைக் கேட்டு, "மாப்ளே, சரளாவை உடனே ஃபிளைட் ஏத்தி அனுப்பிடட்டுமா?" என்றீர்கள். வேண்டவே வேண்டாம். கல்யாணத்தால் ஒரு தடவை, நிருபமா பிறந்ததால் ஒரு தடவை, தீப்தி பிறந்ததால் ஒரு தடவை என்று விட்டுப்போன பரீட்சை இது. இந்த முறையும் பாதியில் வந்தால் இனி அவள் எழுதவே மாட்டாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆபீஸில் முப்பது பேரைக் கட்டி மேய்க்கிறவன் நான். மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதியும் வாங்கிவிட்டேன். ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டு பெண்களுக்குச் சோறு போட முடியாதா? போனில் பேசினால் பின்னால் கச்சேரி கேட்கும் என்பதால் நிதானமாகக் கடிதம் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் முதலில் கொஞ்சம் தடுமாறினேன். இந்தக் குழந்தைகளுக்குப் பசி வந்து போகிற விஷயம் இல்லை மாமா, நிரந்தரமாகக் குடியிருக்கிற விஷயம். இட்லி தின்ற கையைக் கழுவும்போதே "அடுத்து என்னப்பா?" என்கிறாள் நிருபமா. செருப்பு மாட்டினால் பசி, கழற்றினால் பசி, சின்னவளுக்குத் தலை சீவினால்கூடப் பசி. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடை திறக்காது என்று சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி அடுக்கினேன். ஞாயிறு மதியம் ஃப்ரிஜ்ஜைத் திறந்தால் விளக்கு மட்டும் எரிகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

அன்றே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு டொரத்தி நல்ல மனுஷி. அவள் மகளோடு விளையாட இருவரும் தினமும் போவார்கள், போன வயிற்றோடு திரும்புவார்கள். "ஏன்டி, ஆன்ட்டி ஒண்ணுமே குடுக்கலையா?" என்று கேட்டேன். "கேட்டாங்கப்பா. வேணாம்னு சொல்லிட்டோம். அடுத்தவங்க வீட்ல மூணாவது தடவை கேட்டாத்தான் வாங்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல?" என்றாள் பெரியவள். ஐயோ மாமா, இந்த ஊரில் ஒரே தடவைதான் கேட்பார்கள்! வேண்டாம் என்றால் நம்பிவிடுவார்கள். கேக்கை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். வந்து எட்டு மாதமாக என் பெண்கள் இரண்டாவது உபசாரத்துக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? டொரத்தியின் மகள் நம் வீட்டில் "போதும், நன்றி" என்ற ஒவ்வொரு தடவையும் கூச்சப்படுகிறாள் என்று நினைத்து இன்னொரு தோசை போட்டேன். தட்டில் விழுந்ததை மீதி வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட குழந்தை அது. ஏழாவது தோசையில் அழுதுவிட்டது.

உடனே சட்டத்தைத் திருத்தினேன். "இங்க முதல் தடவையே சரின்னு சொல்லிடணும், புரியுதா?" அதோடு ஒரு சாப்பாட்டு அட்டவணை எழுதி ஃப்ரிஜ் கதவில் ஒட்டினேன். அதில் இல்லாத நேரத்தில் யாருக்கும் பசிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பாருங்கள் அதிசயத்தை! விளையாடிவிட்டு வந்தால் பசி என்ற பேச்சே இல்லை. இரவு ரசஞ்சாதத்தில் இரண்டு வாய், அவ்வளவுதான். எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் மாமா. சரளாவுக்கு இதை நானே சொல்லித்தர வேண்டும் என்றிருக்கிறேன்.

ஆகவே அவள் கடைசித் தாளையும் எழுதிவிட்டே வரட்டும். இங்கே எல்லாம் என் கைக்குள் இருக்கிறது. அத்தைக்கு என் நமஸ்காரம். பேத்திகள் தங்களுக்கு முத்தம் அனுப்புகிறார்கள், கன்னத்தில் கொஞ்சம் ஜாம் ஒட்டினால் துடைத்துக்கொள்ளவும்.

தங்கள் ஆசியை நாடும்,
முகுந்த்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது டொரத்தி வந்தாள். என் பெண்களுக்குத் தன் சமையல் ரொம்பப் பிடித்திருக்கிறதாம்; கேட்டு முடிப்பதற்குள் சரி என்கிறார்களாம். நாலு நாளாக உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், பான்கேக் என்று முழுச் சாப்பாடு அங்கேதான் நடந்திருக்கிறது. நாளைக்கு அவர்கள் குடும்பத்தோடு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறையாம். பள்ளிக்கூடமும் இரண்டு வாரம் கிடையாதாம். திங்கட்கிழமையும் கடை கிடையாதாம். எனக்கு ஒன்றுமே தெரியாது மாமா. இதோ, தீப்தி வந்து நிற்கிறாள்: "அட்டவணையில இல்லப்பா. ஆனா பசிக்குது."

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பின்குறிப்பைக் கத்தரித்துவிட்டு மேலே இருப்பதை மட்டும் சரளாவிடம் காட்டுங்கள். இனி நானே போன் செய்து "அவளை அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சினால், மூன்றாவது தடவை கெஞ்சினாலும் சரி, சம்மதித்துவிடாதீர்கள்.